அண்ணன் கைப்பக்குவம்

எங்கள் தெருவில் ஐம்பத்து நான்கு வயது மனிதர் ஒருவரை ஐந்து வயதுப் பிள்ளைகள்கூடத் தம்பி என்றுதான் கூப்பிடும். அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ரொட்டிக் கடை வைத்திருந்தார்கள். மூத்தவர் உள்ளறையில் மாவு பிசைவார். வெளியே தலைகாட்டுவது அபூர்வம். இளையவர் அடுப்பையும் கல்லாவையும் பார்த்துக்கொள்வார். யார் எதைக் கேட்டாலும், "அண்ணனைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அதிலிருந்து ஒருவர் தெருவுக்கே அண்ணன், இன்னொருவர் தெருவுக்கே தம்பி. தனக்குப் பேரன் பிறந்தால் அவனும் தம்பி என்றுதான் கூப்பிடப்போகிறான் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். பேரனுக்கு எங்கே போவது? அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

கடைக்கு மேல் மாடியில் அண்ணனும் அண்ணியும் குடியிருந்தார்கள். அவர்கள் மகள் கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். கடையை ஒட்டி ஒரு சின்ன அறையில் தம்பி படுத்துக்கொள்வார். மூன்று பேருக்கும் சாப்பாடு மாடியில்.

நான் அதே தெருவிலுள்ள அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இருபது வருடம் காலையில் அவர்கள் கடை ரொட்டியைத் தின்றுவிட்டுத்தான் வேலையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே சொல்லப்போவதில் பாதி நான் கண்ணால் பார்த்தது; மீதி தம்பி பிற்பாடு என்னிடம் சொன்னது.

கடையில் மாவு பிசைய இயந்திரம் இருந்தது. ஆனால் அண்ணன் அதை நம்ப மாட்டார். அது பிசைந்து தந்த மாவை எடுத்து மறுபடியும் கையால் பிசைவார். அச்சில் வைக்கும் முன்பு ஒவ்வொரு உருண்டையையும் மர மேஜையில் இரண்டு தரம் ஓங்கி அடிப்பார். தொம், தொம். கொஞ்சம் இடைவெளி. மேஜையில் மாவு தூவிக்கொண்டு அடுத்த உருண்டை. காலை ஐந்து மணிக்குத் தொடங்கினால் ஆறு வரைக்கும் இதுதான். அந்த அறைக்கு நேர் மேலேதான் அண்ணியின் கட்டில். கல்யாணமான புதிதில் தூக்கம் போயிற்று என்று அழுதவராம். போகப் போக, அந்தச் சத்தம் நின்றால்தான் அவருக்கு விழிப்பே வரும் என்றாகிவிட்டது.

தெருமுனையில் மஞ்சள் கடை வந்தது. மஞ்சள் நிறப் பலகை வைத்த கடை. ஊர் முழுக்க அதற்குக் கிளைகள். ரொட்டி எங்கோ ஒரு தொழிற்சாலையில் தயாராகி வண்டியில் வந்து இறங்கும். விலை பாதி. உள்ளே குளுகுளுவென்று இருக்கும். நாற்காலி போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அங்கே போக அடம்பிடித்தன.

அண்ணன் ஒருநாள் அங்கிருந்து ஒரு ரொட்டி வாங்கிவரச் சொன்னார். அதை அறுத்து முகர்ந்து பார்த்தார். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். தம்பி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் அண்ணன். உள்ளே போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் மஞ்சள் கடையைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகவோ கெட்டதாகவோ பேசவில்லை. எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து மைதா மூட்டைமேல் உட்கார்ந்தவர், சுவரில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

பதினாறாம் நாள் தம்பி கடையைத் திறந்தார். மாவு அவருக்குப் புதிது. அண்ணன் எந்த அளவையும் எழுதி வைக்கவில்லை. விரலால் அழுத்திப் பார்த்துத்தான் தண்ணீர் சேர்ப்பார். தம்பி அழுத்திப் பார்த்தால் மாவு மாவாகத்தான் இருந்தது. ஒருநாள் ரொட்டி புளித்துக் கிடந்தது. மறுநாள் செங்கல். வாங்கியவர்கள் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்லவில்லை. "பழகிடும் தம்பி" என்றார்கள். அடுத்த வாரம் அவர்களையே மஞ்சள் பையோடு பார்க்க முடிந்தது.

விடாமல் வந்தவர்களில் முக்கியமானவர் எதிர்க்கடைக் கடிகாரக்காரர். எழுபது வயது, கூர்மையான நாக்கு. கல் மாதிரி இருந்த ரொட்டியையும் டீயில் நனைத்துத் தின்றுவிட்டு, தொழிற்சாலை ரொட்டியைத் தின்கிறவனுக்கு நாக்கு எதற்கு என்று தெருவுக்கே கேட்கப் பேசுவார்.

இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை அடுப்பின் சூட்டைக் கவனிக்கத் தவறி, வைத்த ரொட்டி அத்தனையும் கரிந்துவிட்டது. மணி ஐந்தே முக்கால். ஏழு மணிக்குக் கடிகாரக்காரர் வந்து நிற்பார். மறுபடி பிசைந்து, புளிக்க வைத்து, சுட்டு எடுக்க நேரமில்லை. தம்பி சாக்கை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ரயில் நிலையத்துக்குப் போனார். அங்கே இருந்த மஞ்சள் கடைக் கிளையை ரயிலேறுகிறவர்களுக்காக ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். இருபது ரொட்டி கேட்டார். கல்லாவில் இருந்த பெண், விடுதிக்கா என்று கேட்டாள். ஆமாம் என்றார்.

கடைக்கு வந்து உறைகளைக் கிழித்துப் போட்டார். ஒவ்வொரு ரொட்டியின் அடியிலும் அந்தத் தொழிற்சாலைத் தட்டின் தடம் சின்னச் சின்னப் புள்ளிகளாகப் பதிந்திருந்தது. கத்தியால் அதைச் சுரண்டினார். மேலே பாலைத் தொட்டுத் தடவி, அடுப்பில் பத்து நிமிடம் வைத்து நிறமேற்றினார். ஒரே ஒரு நாளைக்குத்தான் என்று நினைத்துச் செய்ததாகச் சொன்னார். அது பொய்யில்லை என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை கடிகாரக்காரர் வழக்கத்துக்கு முன்பே வந்துவிட்டார். கல்லா மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டார்.

"இப்பத்தான் தம்பி அண்ணன் கைப்பக்குவம் உனக்கு வந்திருக்கு. நேத்து சாப்பிட்டுட்டு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு."

தம்பி அன்றைக்கும் ஸ்கூட்டரை எடுத்தார். அப்புறம் தினமும்.

கடிகாரக்காரர் வாய் சும்மா இருக்குமா? ஒரே வாரத்தில் பழைய கூட்டம் திரும்பி வந்துவிட்டது. மஞ்சள் கடையைத் தாண்டி நடந்து வந்து, மஞ்சள் கடை ரொட்டியை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்கிப் போனார்கள். அங்கே கிடைப்பது பஞ்சு, இதுதான் ரொட்டி என்று ஒரு டீச்சரம்மா என்னிடமே சொன்னார். நானும் தலையாட்டினேன். எழுத்துப் பிழையைத் தேடிப் பிடித்துப் பிழைப்பு நடத்துகிறவன், வாயில் இருந்த பிழை தெரியாமல் நான்கு மாதம் தின்றேன்.

தம்பிக்கு முதலில் பிடிபட்டுவிடுவோம் என்ற பயம் இருந்தது. அது சீக்கிரமே தெளிந்து, அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. யாருக்குமே வித்தியாசம் தெரியவில்லையே. அப்படியானால் அண்ணன் முப்பத்திரண்டு வருடம் அந்த மேஜை முன்னால் நின்றது எதற்கு? இதை நினைத்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காதாம். அண்ணன் ரொட்டியின் ருசியை நினைவுக்குக் கொண்டுவர முயற்சி செய்திருக்கிறார். கண்ணை மூடி, வாயைச் சும்மா மென்று பார்த்திருக்கிறார். மஞ்சள் கடை ருசிதான் வந்ததாம். நான்கு மாதத்தில் அது முப்பத்திரண்டு வருடத்தைத் துடைத்துவிட்டிருந்தது.

அந்த நாட்களில்தான் தம்பியின் காதில் சத்தம் விழத் தொடங்கியது.

முதல் தடவை கேட்டபோது தம்பி அடுப்பருகே நின்று ரொட்டிகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து அறையிலிருந்து இரண்டு அடி. தெருவில் ஏதாவது வண்டியாக இருக்கும் என்று விட்டுவிட்டார். கொஞ்சம் இடைவெளிவிட்டு மறுபடியும் இரண்டு. கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். மேஜை அவர் போர்த்தி வைத்த துணியோடு அப்படியே இருந்தது. இயந்திரத்தின் மேல் தூசி. அவர் அங்கே நின்ற வரைக்கும் ஒன்றும் இல்லை. அடுப்புக்குத் திரும்பியதும் தொம், தொம்.

அந்த அறையைப் பூட்டினார். ரேடியோ வைத்துக்கொண்டார். தூக்கம் கெட்டுப்போன மனுஷனுக்குக் காதில் எது வேண்டுமானாலும் கேட்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். ஆனால் முதுகை அந்தக் கதவுக்குக் காட்டி மட்டும் அவரால் நிற்க முடியவில்லை. அடுப்பை நோக்கி நிற்க வேண்டிய ஆள், பக்கவாட்டில் நின்று வேலை செய்தார். வலது கையில் அடிக்கடி சூடுபட்டது. நானே கொப்புளங்களைப் பார்த்து என்னவென்று கேட்டிருக்கிறேன். கவனமில்லை சார் என்றார்.

இதற்கிடையே கடிகாரக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். ஒருநாள் காலை அவர் மகள் வந்து, அப்பா எதையுமே வாயில் வைக்க மாட்டேன் என்கிறார், உங்கள் ரொட்டி என்றால் மட்டும் கொண்டுவரச் சொன்னார் என்றாள். தம்பி ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். கும்பிட்டதுதான் அவருக்குத் தாங்கவில்லை. வழக்கமாக அண்ணிக்கு எட்டு மணிக்கு ரொட்டி எடுத்துப் போகிறவர், அன்று வெறுங்கையோடு மாடிப்படி ஏறினார். எல்லாவற்றையும் கொட்டிவிடுவது என்று முடிவு செய்துதான் ஏறினார்.

அண்ணி டீ கொடுத்தார். தம்பி, "அண்ணி, ரொட்டியைப் பத்தி உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினார்.

"எனக்குத் தெரியும் தம்பி" என்றார் அண்ணி. "அவர் போடற மாதிரி இல்ல. முதல் நாளே தெரிஞ்சுது. சொன்னா நீங்க மனசு விட்டுடுவீங்கன்னுதான் பேசாம இருந்தேன்."

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்கிறது. அண்ணன் ரொட்டி வேறுதான். மேற்கொண்டு சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அண்ணி தொடர்ந்தார்.

"ரொட்டி எப்படி வந்தா என்ன, நீங்க படற பாடு எனக்குத் தெரியாதா? தினமும் அஞ்சு மணிக்கு நீங்க மேஜையில அடிக்கறதைக் கேட்டுக்கிட்டேதான் படுத்திருக்கேன். அவரை மாதிரியே ரெண்டு அடி. நாலு மாசமா ஒருநாள் தவறல. கொஞ்சம் மெதுவா அடிங்க, தோள்பட்டை போயிடும்."

தம்பி குடிக்காத டீயைக் கீழே வைத்தார். சரி அண்ணி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கி வந்தார்.

மறுநாள் அவர் ரயில் நிலையத்துக்குப் போகவில்லை. பூட்டைத் திறந்து, துணியை எடுத்து உதறி, மாவைக் கொட்டினார். பயமாக இல்லையா என்று கேட்டேன். "இருந்துச்சு சார். அந்த மேஜைகிட்ட யாராவது நிக்கத்தான் போறாங்கன்னா, அது நானா இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்" என்றார். பிசைந்தார். அடித்தார். அன்றைக்கு அந்த அறையில் அவர் அடித்ததைத் தவிர வேறு சத்தமில்லை.

கோணலும் மாணலுமாக வந்த ரொட்டியில் ஒன்றை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னார். சத்தத்தை மட்டும் சொல்லவில்லை. கிழவர் கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். புது ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டு வெகுநேரம் மென்றார்.

"எத்தனை பேர்கிட்ட நான் பேசியிருக்கேன் தெரியுமா?" என்றார். பிறகு மீதியைத் தம்பியிடமே நீட்டினார். "இதை மெல்ல முடியல தம்பி. அதையே கொண்டா. வெளிய மட்டும் சொல்லாத."

ஆனால் தம்பி சொன்னார். கடைக்கு வந்தவர்களிடம் ஒவ்வொருவராக, ரொட்டியைக் கட்டிக் கொடுக்கும் முன்பு சொன்னார். டீச்சரம்மா கோபத்தில் பையை வைத்துவிட்டுப் போனார். சிலர் சிரித்தார்கள். பெரும்பாலானவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மறுநாள் முதல் தெருமுனையோடு நின்றுகொண்டார்கள். அதே ரொட்டி அங்கே பாதி விலைக்குக் கிடைக்கும்போது அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? என்னிடம் சொன்னபோது எனக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். நான் தொடர்ந்து வாங்கினேன். என்னையும் சேர்த்து ஒன்பது பேர். தம்பியின் ரொட்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தேறிற்று என்பதும் உண்மை. ஆனால் ஒன்பது பேருக்காக ஒரு அடுப்பு எரியாது. ஐந்து மாதத்தில் கடையை மூடினார். இப்போது அங்கே மூக்குக் கண்ணாடி விற்கிறார்கள். அண்ணி மகள் வீட்டோடு போய்விட்டார்.

முழங்கால் வலியால் மாடியைவிட்டு இறங்காத அண்ணியிடம் மட்டும் அவர் கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. "சொன்னா, அப்ப அடிச்சது யாருன்னு கேப்பாங்க" என்றார்.

போன மாதம் அவரைப் பேருந்து நிறுத்தத்தில் பார்த்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருக்கிறாராம். சாயந்திர வெயில். கையில் ஒரு குடை. உடம்பு இளைத்திருந்தது. அண்ணியின் முழங்கால் வலி, என் கண் பரிசோதனை என்று பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம். பேருந்து தூரத்தில் வருவது தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க இருபது வருஷம் சாப்பிட்டிருக்கீங்க சார். அண்ணன் ரொட்டி எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது என்றேன். மேல்தோல் மொறுமொறுவென்று இருக்கும், உள்ளே லேசான புளிப்பு, கடைசியில் கொஞ்சம் இனிப்பு என்று சொல்லிக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல, இதெல்லாம் நானாகக் கோத்துக்கொண்டு போகிற வார்த்தைகள் என்று எனக்கே தெரிந்தது. என் நாக்கில் ஒன்றுமே இல்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். எழுத்தெழுத்தாகப் பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு சரி சார் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தோடு முண்டியடித்துப் பேருந்தில் ஏறிக்கொண்டார்.