பஸ் ஏறிய படம்

வாழ்க்கையில் முதன்முதலாக எனக்கு ஒரு சுவர் கிடைத்திருந்தது. பொம்மையார்பாளையத்தில் கடலோர விடுதி நடத்துகிறவர் ஒருவர், வரவேற்பறைச் சுவரில் ஒரு வாரம் என் படத்தை மாட்டிக்கொள்ளச் சொல்லியிருந்தார். ஒரே படம். அதற்காக மூன்று மாதம் செத்துப் பிழைத்தேன். ஆளுயரக் கேன்வாஸ் துணியில் ஏரி வண்டல், செம்மண், பனைநார், மேலே வரிசை வரிசையாகக் கேப்பைக் கதிர். இயற்கையை இயற்கையால்தான் ஒட்டுவேன் என்ற திமிரில் புளியங்கொட்டைப் பசை காய்ச்சினேன். அந்தச் சனியன் காயவே இல்லை. திறப்பு விழாவுக்கோ இரண்டே நாள்.

எங்கள் ஊரில் நல்ல வெயில் விழும் இடம் தார்ச்சாலைதான். அறுப்புக் காலத்தில் ஊரே அங்கே கதிரைப் பரப்பும். போகிற வண்டிகள் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுக்கும். எதிர்வீட்டு அக்காவும் தன் கேப்பையைப் பரப்பியிருந்தார். நான் சக்கரம் படாத ஓரமாகப் பார்த்துப் படத்தை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டு, சட்டம் வாங்கத் திண்டிவனம் போனேன்.

திரும்பி வந்தபோது நான்கு கல்லும் இருந்தன. படம் இல்லை.

முறத்தோடு அக்கா வந்தார். "ஓரத்துல போட்டு வெச்சிக்கினு போயிட்டியே தம்பி, எப்புடி உதிரும்? நான்தான் நடுவுல இழுத்துப் போட்டேன். ரெண்டு தபா பஸ்ஸு, ஒரு ஜல்லி லாரி. சுத்தமா உதிர்ந்துடுச்சி."

புடைத்துச் சுத்தம் செய்த கேப்பையை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கையில் கொடுத்தார். "பாதி பதரு தம்பி. யாரோ உன்ன நல்லா ஏமாத்திட்டான்."

யாரும் ஏமாற்றவில்லை. பார்க்க அழகான கதிராகப் பொறுக்கினேனே தவிர, மணி பிடித்திருக்கிறதா என்று நான் பார்க்கவில்லை. அது வேறு சுருக்கென்று தைத்தது. கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் கொடியைக் காட்டினார். துணியையும் துவைத்துக் காயப்போட்டிருந்தார்.

"ஒரே சேறு. ஒரு சோப்பு முழுசா கரைஞ்சிபோச்சி."

நடுத்தெருவில் நின்று கத்து கத்தென்று கத்தினேன். "அரைப்படி கேப்பைக்கா இவ்ளோ பேஜாரு?" என்று அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

விடுதிக்காரருக்குப் போன் செய்தேன். எல்லாரையும் அழைத்தாயிற்று, எதையாவது மாட்டுங்கள் என்றார். அந்தத் துணியையே மாட்டினேன். வண்டல் கறையும், மங்கலாக டயர் தடமும், சோப்பு வாசனையும். கீழே 'அறுவடைக்கு முன்' என்று தலைப்பும் என் பெயரும் அச்சடித்த அட்டை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பூச்சாடியை நகர்த்தி அட்டையை மறைத்துவிட்டேன்.

கடலைப் பார்த்து நாளாயிற்று என்று அக்காவும் கூட வந்திருந்தார். சுவரைப் பார்த்ததும் அவர் முகம் செத்துப்போனது.

"அய்யய்யோ, கறை போவவே இல்லியே. இத்தப் போயி நாலு பேரு பாக்குற எடத்துல மாட்டி வெச்சிக்கிறியே. ஜல்தி கழட்டு தம்பி, இன்னொரு தபா ஊற வெச்சித் தர்றேன்." முந்தானையை விரித்து, எட்டின மட்டும் கறையை மறைத்துக்கொண்டு நின்றார்.

அப்போது வந்திருந்தவர்களில் ஒருவர் நெருங்கி வந்து, துணியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இதைச் செய்தது யாருங்க?" என்று கேட்டார். மூன்று மாதமாக நான் கேட்க ஏங்கிய கேள்வி. என் கண் பூச்சாடிக்குப் போனது.

"நான் இல்லீங்க," என்று அக்கா பதறி, என் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினார். "இதோ, இந்தத் தம்பிதான்."

நான் பூச்சாடியைத் தள்ளி வைத்தேன்.