எட்டு நாள் சொத்து

துபாய்க்கு வந்து பன்னிரண்டு வருடத்தில் என் கணவர் இந்த நாட்டில் வாங்கிய ஒரே சொத்து எதிர் வீட்டு அலமாரியில் மூன்று தட்டு. அதுவும் எட்டு நாளைக்கு.

எதிர் ஃபிளாட்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த யூதத் தம்பதி இருந்தார்கள். அவர் பல் டாக்டர். அந்த அம்மா பியானோ சொல்லிக்கொடுப்பவர். வந்த புதிதில் நான் ஒரு கிண்ணம் சேமியா பாயசம் கொண்டுபோனேன். வேறு வீட்டுப் பாத்திரத்தில் சமைத்ததைத் தாங்கள் சாப்பிடுவதில்லை என்று அந்த அம்மா மிகவும் சங்கடப்பட்டுக்கொண்டு சொன்னார். எனக்குக் கோபம் வரவில்லை. முட்டை அவிக்கிற சட்டியை அடுக்களைக்குள்ளேயே விடாத குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். செய்முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார். மறுவாரமே சேமியா வாங்கித் தன் பாத்திரத்தில் தானே காய்ச்சினார். அப்படித்தான் பழகினோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், பஸ்கா பண்டிகைக்கு ஒரு வாரம் இருக்கையில், தங்கள் பிஸ்கட், நூடுல்ஸ், மைதா எல்லாவற்றையும் நாங்கள் விலைக்கு வாங்கிக்கொள்ள முடியுமா என்று அந்த அம்மா வந்து கேட்டார். வீட்டைக் காலி செய்கிறார்கள் என்று நினைத்து எனக்கு வருத்தமாகிவிட்டது. அப்புறம்தான் விளக்கினார். எகிப்தில் அடிமைகளாக இருந்த அவர்களுடைய முன்னோர் அவசரமாகத் தப்பிக் கிளம்பியபோது, பிசைந்த மாவு புளிக்கக்கூட நேரமில்லையாம். அதன் நினைவாக, கோதுமை மாவில் செய்த ரொட்டி, பிஸ்கட், சேமியா போன்றவற்றை எட்டு நாளும் தொடமாட்டார்கள். பண்டிகைக்கென்று புளிக்கவிடாமல் சுட்ட அப்பம் மட்டும் உண்டு. மற்றதைத் தின்னாமல் இருந்தால் மட்டும் போதாது. அது தங்களுக்குச் சொந்தமாகவே இருக்கக்கூடாது. குப்பையில் கொட்ட மனசில்லாதவர்கள் வேற்று மதத்தார் ஒருவருக்கு முறையாக விற்றுவிட்டு, பண்டிகை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார்களாம். பொருள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

“சாமான் அவுக வீட்லதான் இருக்கும், ஆனா நம்மது. அப்படித்தான?” என்று என் கணவர் மூன்று தடவை கேட்டார். தென்காசிக்காரர். எதையும் மூன்று தடவை கேட்டால்தான் அவருக்கு விளங்கும். டாக்டரின் இரண்டு விஸ்கி பாட்டிலும் அதில் சேர்த்தி, விஸ்கியும் தானியத்தில் செய்ததுதானே என்றதும் சட்டென்று விளங்கிவிட்டது.

ஒப்பந்தத்தன்று இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் பெல்ட்டும் அணிந்து எதிர் வீட்டுக்குப் போனார். அவர்களுடைய மதகுரு, ரப்பி என்கிறார்கள், சிவந்த தாடி வைத்த இளவயசுக்காரர். பத்திரத்தை நிதானமாக வாசித்தார். ஒரு திர்ஹம் அச்சாரம். மீதியைப் பண்டிகை முடிந்ததும் கொடுக்கலாம், அல்லது பொருளைத் திருப்பி விற்றுவிடலாம். இது விளையாட்டில்லை, அலமாரி உங்களுக்கு வாடகைக்கு விட்டதாகக் கணக்கு, எப்போது வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ரப்பி அழுத்திச் சொன்னார். கதவுகளின்மேல் டேப் ஒட்டினார்கள். இவர் கையெழுத்தைக் கல்யாண ரிஜிஸ்தரில் போட்டதைவிடப் பெரிதாகப் போட்டார்.

அன்று சாயங்காலம் தென்காசியிலிருக்கும் தன் அக்காவுக்கு ஃபோன் செய்து, துபாயில் சொத்து வாங்கியிருப்பதாகச் சொன்னார். எத்தனை சென்ட் என்று அவர் கேட்டார். மூன்று தட்டு என்றார் இவர். நான் சிரித்தேன். ஆனால் யோசித்தால், நாங்கள் இருக்கிற வீடு வாடகை, கார் பாங்கியுடையது, விசா கம்பெனியுடையது. மனுஷன் சந்தோஷப்பட்டுவிட்டுப் போகட்டுமே என்றும் இருந்தது.

பண்டிகைக்கு நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை. தன் மேனேஜரையும் அவர் மனைவியையும் மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருப்பதை என் கணவர் அன்று காலை பதினொரு மணிக்குத்தான் சொன்னார். எல்லாம் ஒப்பேற்றிவிட்டேன். பாயசத்துக்குப் பால் காய்ந்துகொண்டிருந்தது. டப்பாவைத் திறந்தால் சேமியா இல்லை. கீழே மளிகைக் கடை வைத்திருக்கும் கீழக்கரை பாய் ஜும்மாவுக்குக் கடையைச் சாத்திவிட்டுப் போயிருந்தார். விருந்தாளிகள் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“நம்ம அலமாரில ஒரு பாக்கெட் கெடக்குல்லா” என்றார் என் கணவர்.

மானத்தை வாங்காதீர்கள் என்றேன். அவர் பீரோவிலிருந்து பத்திரத்தை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போய்விட்டார்.

பத்து நிமிஷமாகியும் ஆளைக் காணவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு நானும் போனேன். கதவு திறந்தே கிடந்தது. அடுக்களையில் அந்த அம்மா, அன்று மாலை தொடங்கும் ஓய்வுநாளுக்காகச் சமைத்ததில் ஒரு துண்டும் விழுந்துவிடக்கூடாதென்று, பாத்திரங்களின் முன்னால் கைகளை விரித்து மறித்துக்கொண்டு நின்றிருந்தார். என் கணவர் முழங்காலில் இருந்தார். அவர் எடுத்தது ஏற்கெனவே பிரித்த பாக்கெட்டாம். துணி கிளிப் போட்டு வைத்திருந்தது. கிளிப் கழன்று, இரண்டு வாரமாகத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய அந்தத் தரை முழுக்கச் சேமியா. டாக்டர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பல் பார்க்கிற குட்டிக் கண்ணாடியைக் குளிர்சாதனப் பெட்டிக்கு அடியில் விட்டு, இன்னும் இரண்டு இருக்கிறது, உள்ளே தள்ளி இடது பக்கம், என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நானும் புடவையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாவின் முகம் அழுகைக்குப் பக்கத்தில் இருந்தது. என் கணவர் அதைக் கவனித்துவிட்டார். எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “மேடம், பயப்படாதீங்க. இந்த வீட்ல எந்த மூலையில எந்தச் சேமியா கெடந்தாலும் அது என்னுது. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது” என்று அறிவித்தார்.

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வருகிறவரை சிரித்தார். டாக்டர் சிரித்ததில் நெற்றி விளக்கு சுவரெல்லாம் ஆடியது.

நாங்கள் பொறுக்கி முடித்து வெளியே வந்தபோது பாய் கடையைத் திறந்திருந்தார். என் கணவர் அங்கே போகவே மறுத்துவிட்டார். பாக்கெட்டில் மிஞ்சியதைப் போட்டுத்தான் பாயசம். மேனேஜர் இரண்டு கிண்ணம் குடித்தார்.

விஷயம் ரப்பிக்குப் போயிற்று. திட்டுவார் என்று பயந்தேன். அவர் நேரில் வந்து என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வருடா வருடம் இந்தப் பத்திரம் எழுதுகிறாராம். இது வெறும் நாடகம்தானே என்று யாராவது கேட்பார்களாம். வாங்கியவர் ஒருவர் வந்து டேப்பைப் பிய்த்துத் தன் பொருளை எடுத்துப்போனது இதுதான் முதல் தடவை, இனி எனக்குப் பதில் இருக்கிறது என்றார்.

நான் யோசித்தது அந்த அம்மாவைப் பற்றித்தான். அதெல்லாம் காகிதத்தில்தான் ஐயா என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கலாம். உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டே கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவர்கள் நிஜமாகவே வந்து என் அலமாரியைத் திறந்தால் என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எட்டு நாளும் என் கணவர் விஸ்கியைத் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன். “சொந்தப் பொருள எவனாவது குடிச்சி அழிப்பானா?” என்றார். திருப்பி விற்ற அன்று கொஞ்சம் வாடித்தான் போனார்.

அடுத்த வருடம் ரப்பி ஒரு பட்டியலோடு வந்தார். பதினோரு குடும்பம். எல்லோரும் அந்தச் சேமியாக்காரருக்குத்தான் விற்பார்களாம். என் கணவர் பட்டியலை மேலிருந்து கீழாக வாசித்தார். மாவு மட்டுமே மூட்டைக் கணக்கில் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வெயில் ஏறுது. இம்புட்டு மாவுலயும் வண்டு விழுந்துச்சின்னா, நாமதானட்டி பொறுப்பு?” என்றார்.

ஆமாம் என்றேன்.