ஞாயிற்றுக்கிழமை மீன்

என் பிறந்தநாள் எது என்று அப்பாவுக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சேர்த்ததுகூட அம்மாதான். அப்படிப்பட்டவர், நான் பிளஸ் டூ படிக்கும்போது ஒருநாள் கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏலே, ஒனக்குப் பதினெட்டு எப்பம் ஆவுது?"

"மாசிலப்பா."

"அப்பம் இன்னும் கெடக்கு," என்றார். முகத்தில் ஒரு நிம்மதி. மகனுக்கு வயது குறைவாக இருப்பதில் அப்பாவுக்கு என்ன நிம்மதி?

அடுத்த ஞாயிறே வேலை வந்தது. ஒரு தெர்மாகோல் பெட்டியை பஸ்ஸில் விளாத்திகுளம் கொண்டுபோய்ச் சித்தப்பாவிடம் கொடுக்க வேண்டும். உள்ளே மீன். கேட்டால், காலையில் பிடித்தது, கல்யாண வீட்டுக்குப் போகிறது என்று சொல்ல வேண்டும்.

"யூனிபார்ம் போட்டுக்கோ. ஸ்பெஷல் கிளாஸுக்குப் போற பயன்னு விட்டுருவான்."

"யாருப்பா விடுவா?"

"சொன்னதச் செய்யி."

நாங்கள் பனங்காட்டுப் பக்கத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்து மளிகைக் கடை போட்டவர்கள். மீனைக் குழம்பில் பார்த்ததோடு சரி. ஆனால் ஐஸ் போட்ட மீன் ஒழுகும், கண்டக்டர் ஏசுவார் என்பது எனக்கே தெரியும். என் மடியிலிருந்த பெட்டி ஊர் போய்ச் சேரும்வரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

இன்னொரு ஞாயிறு பஸ்ஸிலேயே கையை விட்டுப் பார்த்தேன். மேலே நாலு மீன். அடியில் பிளாஸ்டிக் பைகளில் கறுத்துச் சுருங்கிய கட்டிகள். கடல் அட்டை. பிடிக்கவே கூடாது என்று தடை போட்டிருக்கிறார்கள், காயவைத்து வெளிநாட்டுக்குக் கடத்துகிறார்கள் என்று பேப்பரில் படித்திருந்தேன். மூடியை அமுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு பஸ்ஸில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாருமே மப்டி போலீஸ்தான்.

அந்த நாட்களில் அப்பா எனக்குத் தினமும் பரோட்டா வாங்கி வந்தார். அதையும் சந்தேகத்தோடுதான் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போலீஸ் கெடுபிடி இருக்காது என்பது அப்பாவின் கணக்கு. கடைக்காரர் கணக்கு அது. ஒரு ஞாயிறு ஊருக்கு வெளியே செக்போஸ்ட்டில் ஒரு பெண் ஏட்டு பஸ்ஸில் ஏறினார். கழுத்தில் சின்னச் சிலுவை. மூடியைத் திறந்து மீனைப் பார்த்தார்.

"எப்பம் பிடிச்சது தம்பி?"

"இன்னைக்குக் காலைல, மேடம்."

அவர் என்னையே பார்த்தார். "இன்னைக்கு ஞாயித்துக்கெழமைல்லா. எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்காக. கடலுக்கு எவன்லே போனான்?"

அந்தக் கடற்கரை மீனவர்கள் கிறிஸ்தவர்கள்; ஞாயிற்றுக்கிழமை யாரும் வலை போடுவதில்லை. இத்தனை வருடம் தூத்துக்குடியில் கடை நடத்தியும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அவர் மீனை ஒதுக்கிவிட்டு அடியில் கையை விட்டார்.

ஸ்டேஷனுக்கு அப்பா வந்தார். அடித்தார்களா, சாப்பிட்டாயா என்று கேட்பார் என்று நினைத்தேன். என் பக்கம் திரும்பவே இல்லை. நேராக மேஜை முன்னால் போய் நின்றார்.

"சார், அவனுக்கு இன்னும் பதினெட்டு ஆவல. மாசிலதான். எங்கன வாங்குனானோ, எனக்கு ஒண்ணும் தெரியாது."

மாசி. நான் சொன்னதை அப்படியே ஞாபகம் வைத்திருந்தார். அன்று வந்த அழுகை பயத்தில் வந்ததல்ல.

"யாருலே குடுத்து விட்டா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். அப்பா அப்போதுதான் என்னைப் பார்த்தார். சொல்லாதே என்றது அந்தப் பார்வை.

"அப்பாதான்," என்றேன்.

அப்பா ஜெயிலுக்குப் போனார், வெளியே வந்தார். மறுபடியும் மளிகைக் கடைதான். நான் வேலை கிடைத்துக் கோயம்புத்தூர் வந்துவிட்டேன். வருடா வருடம் மாசியில், என் பிறந்தநாளன்று காலையில் முதல் போன் அவருடையதுதான். ஒரு வருடமும் தவறியதில்லை.

"நல்லா இருக்கியாலே?" என்பார்.

"சொல்லுங்கப்பா, என்ன வேணும்?" என்பேன்.

"ஒண்ணும் வேண்டாம்லே," என்பார். இதுவரை ஒன்றும் கேட்டதில்லை. ஆனாலும் போனை வைத்த பிறகு, எதற்காகக் கூப்பிட்டார் என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன்.