கை தவறவில்லை

நீராவி அக்கா என்று பெயர் வைத்தது சலவைக்கூடத்துக்காரர்கள்தான். கோபக்காரி என்பதற்காக வைத்த பெயரல்ல. ஓட்டல்களிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்துத் தேய்த்தெடுப்பது அவள் வேலை. நாள் முழுக்க ஆவியில் நிற்பவள். பொத்தானை அழுத்துமுன் கண்ணை மூடிச் சாமியை நினைத்துக்கொள்வாள். யாராவது ஏசினால், "விடுங்க, அவங்களுக்கு என்ன கஷ்டமோ" என்று நகர்ந்துவிடுவாள். அப்பா அம்மா போனபிறகு தங்கையை வளர்த்ததும் அவள்தான். அதே கூடத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான்.

அந்தத் தங்கையின் வலது கையைத்தான் போன வாரம் உருளை உள்ளே இழுத்துக்கொண்டது.

உருளைக்கு முன்னால் ஒரு தடுப்புப் பட்டை உண்டு. கை பட்டால் இயந்திரம் உடனே நின்றுவிடும். விரிப்பின் தடித்த ஓரம் பட்டாலும் நின்றுவிடும். "இப்படி நின்னு நின்னு ஓடினா விளங்கின மாதிரிதான்" என்று முதலாளி தன் கையாலேயே அந்தப் பட்டையைத் தூக்கி, மேலே கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டிவிட்டார். நீராவி அக்கா வேண்டாமென்று கெஞ்சிப் பார்த்தாள். "பாத்துக்கலாம்மா" என்று அவர் போய்விட்டார்.

இன்று காலை முதலாளி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். மேசைமேல் ஒரு பழக்கூடை இருந்தது.

"ஏதோ தவறு நடந்துபோச்சு. கடவுள் விட்ட வழி" என்றார். பிறகு நீராவி அக்கா பக்கம் திரும்பினார். "நாளைக்கு விசாரிக்க ஆள் வராங்க. தங்கச்சி கை தவறி உள்ள போயிடுச்சுன்னு நீயே சொல்லிடும்மா. நீ சொன்னா நம்புவாங்க."

கடவுளை இழுத்ததில்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டது. காது மடல் சுட்டது.

"ஐயா, கால் தவறும். வாய் தவறும். கை தவறி தம்ளர் விழும். அதெல்லாம் தானா நடக்கறது. அந்தப் பட்டை தானாவா மேல ஏறிக் கட்டிக்கிச்சு?"

"அட, தவறோ தப்போ, எல்லாம் ஒண்ணுதானேம்மா."

"எப்படிங்க ஒண்ணாகும்? தவறி விழுந்தா ஐயோன்னு ஓடிவந்து தூக்குவாங்க. தெரிஞ்சே செஞ்சா தப்பு. சொல்லச் சொல்லக் கேக்காம செஞ்சா குத்தம். அதையும் செஞ்சிட்டு, கை வெந்து கிடக்கறவ தலையிலேயே கட்டப் பாக்கறீங்களே, அதுக்கு எனக்கு வார்த்தை தெரியலை!"

"எனக்குத் தெரியும்க்கா" என்றான், துவைக்கும் பக்கத்தில் நின்ற, சோப்புத்தூள் என்று எல்லோரும் கூப்பிடும் பையன். "சாமி கும்பிடற உங்க முன்னாடி வேணாமேன்னு பாக்கறேன்."

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கு வேலை வேணுமா, வேணாமா?" நீராவி அக்காவைப் பார்த்துக் கேட்ட முதலாளியின் குரல் மாறியது.

"வேணும். அனுப்பறதுன்னா அனுப்புங்க. கேக்கறவங்ககிட்ட குத்தம்னுதான் சொல்லுவேன்."

சோப்புத்தூளிடம் குறடு வாங்கி நேராகப் போய்க் கட்டுக்கம்பியை வெட்டினாள். பட்டை தன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. அன்று முழுக்க இயந்திரம் நின்று நின்றுதான் ஓடியது. ஒவ்வொரு முறை நிற்கும்போதும், சாமியைக்கூட நினைக்காமல், பொத்தானைக் குத்துகிற மாதிரி அழுத்தினாள்.

சாயந்திரம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். தங்கை கட்டுப்போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தாள்.

"என் தவறுதான்க்கா. கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" என்றாள், தினமும் சொல்வதைப்போலவே.

"வாயை மூடுடி. உன் கை தவறல. அந்த ஆள் செஞ்ச குத்தம். மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அந்தக் கட்டுக்கம்பியையும் வெட்டிட்டேன்."

தங்கை அவள் பக்கம் தலையைத் திருப்பினாள்.

"வெட்ட ரொம்ப நேரம் ஆச்சா?"

"எங்க? ஒரே வெட்டு."

"அப்ப முன்னாடியே ஏன்க்கா வெட்டல?"

காலையிலிருந்து கொதித்த கோபம் அடங்கவில்லை. யார்மேல் என்பதுதான் மாறிப்போனது. வேலை போயிடும்னு பயந்தேன் என்று சொல்லலாம். சொல்லித்தானே பார்த்தேன் என்றும் சொல்லலாம். தவறிப்போச்சு என்ற சொல்லும் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினாள்.

"தப்புதான்டி."

தங்கை சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா எழுந்து போகவில்லை. பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள்.