சீட்டில் எழுத மறந்த கப்பல் அறை

என் அம்மாவின் வலது காதுக்குள் கட்டி இருக்கிறது என்று சேலத்து டாக்டர் சொன்னது ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. எடுக்காமல் விட்டால் மூளைக்குப் பரவும். எடுத்தால் கேட்கும் திறன் போய்விடும். இடது காது பல வருடங்களுக்கு முன்பே போய்விட்டது. மாசியில் ஆபரேஷன். அதற்குப் பிறகு அம்மாவுக்கு எந்தச் சத்தமும் கிடையாது.

அம்மா பெயர் பாவாயி. ஏற்காட்டு மலையில் நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் முப்பது வருடம் காப்பிப் பழம் பறித்து என்னை டீச்சர் வேலைக்குப் படிக்க வைத்தவர். அன்று மலையேறும் பஸ்ஸில் நான்தான் அழுதேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "காது இருக்கறப்பவே கடல் சத்தத்த ஒருக்கா கேட்டுப்போடணும் கண்ணு. கப்பல்ல போயி, நடுக்கடல்ல. நீயும் நானும் மட்டும்" என்றார். அதுவரை அம்மா என்னிடம் எதையும் கேட்டதில்லை.

நான் எதையும் இரண்டு முறை யோசிப்பவள். இதை இருபது முறை யோசித்தேன். மூன்று வயது மகளை விட்டுவிட்டுப் போகலாமா? அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டே, கப்பல் ஆடினால் என்ன செய்வது? கடைசியில் என் கணவர், "குழந்தைய நான் பாத்துக்கறேன், நீ கப்பலப் பாரு" என்று சொல்லிவிட்டார்.

பார்த்தேன். பள்ளி விட்டு வந்து தினமும் செல்போனில் கப்பல்களின் வரைபடங்களாகப் பார்த்தேன். ஆட்டம் குறைவாக இருக்க வேண்டுமானால் நடுப்பகுதியில், கீழ்த்தளத்துக்குப் பக்கமாக அறை வேண்டும். பாட்டுக் கச்சேரி நடக்கும் கூடத்துக்கு அருகில் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், அறையில் பால்கனி இருக்க வேண்டும். கப்பல் அறைகளில் கண்ணாடி ஜன்னலைத் திறக்க முடியாது. கடல் தெரியும், சத்தம் வராது. கொச்சியிலிருந்து தை மாதம் கிளம்பும் ஒரு சின்னக் கப்பலில் இதெல்லாம் பொருந்திய அறை ஒன்று இருந்தது.

ஏற்காட்டில் டிராவல்ஸ் வைத்திருக்கும் குமரேசனிடம் அந்த அறையைச் சொல்லிப் பதிவு செய்தேன். எங்கள் மலைக்காரர். அம்மாவின் காதைப் பற்றி முழுதாகச் சொன்னேன். எல்லாம் சரியாகச் செய்துவிடுவதாகச் சொன்னார்.

மார்கழி முதல் வாரம் டிக்கெட் வந்தது. அறை எண் வேறாக இருந்தது. வரைபடத்தில் தேடினேன். ஜன்னலே இல்லாத உள்ளறை. அதற்கு நேர் மேலே நடனக் கூடம். விசாரித்ததில், பால்கனி அறையைத் தன்னிடம் அடிக்கடி வரும் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தது.

அவர் கடைக்குப் போனேன். இரண்டு வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் கேட்டதற்குக் குமரேசன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"கப்பல்னா கப்பல்தானுங்க டீச்சர். காது கேக்காத கெழவிக்குச் சத்தம் இருந்தா என்னுங்க, இல்லாட்டி என்னுங்க?"

உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். நான் வெளியே வந்தேன். ஏரிக்கரை வரைக்கும் நடந்த பிறகுதான் நல்ல நல்ல பதில்களாக வந்தன.

அந்தச் சொல் எனக்குள் அப்படியே கிடந்து எரிந்தது. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போதும் எரிந்தது. மகளுக்குச் சோறு ஊட்டும்போதும் எரிந்தது.

எங்கள் பக்கம் முனியப்பனுக்குச் சீட்டுக் கட்டுவது உங்களில் பலருக்குத் தெரியும். அநியாயம் நடந்தால், யார் செய்தது, என்ன செய்தார், என்ன தண்டனை வேண்டும் என்று தாளில் எழுதி, சாமியின் வேலில் கட்டிவிட வேண்டும். கட்டியவர் தானாக அவிழ்க்கக் கூடாது. தப்பு செய்தவர் வந்து நின்றால்தான் அவிழ்த்து, எல்லோர் முன்னிலையிலும் படிக்க வேண்டும். படித்த பெண் இதையெல்லாம் செய்வாளா என்று நானே ஒரு காலத்தில் நினைத்ததுண்டு. அந்த வெள்ளிக்கிழமை மஞ்சக்குட்டைக்குப் போகும் வழியில் இருக்கும் முனியப்பனிடம் போனேன்.

மூன்று சீட்டு எழுதினேன். முதலாவதில் அவன் குடும்பத்தையே இழுத்திருந்தேன். அவனுக்கும் என் மகள் வயதில் ஒரு பெண் உண்டு. கிழித்துப் போட்டேன். இரண்டாவதில் கோபம் போதவில்லை. மூன்றாவதில் எழுதினேன்: "என் அம்மாவின் காதைப் பற்றி அவன் சொன்ன சொல் அவன் காதுக்கே திரும்ப வேண்டும். கேட்காமல் போனால் எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும்." சிவப்பு நூலால் இறுக்கிக் கட்டினேன். நெஞ்சு குளிர்ந்தது.

திரும்பும் ஜீப்பில்தான் உறைத்தது. அறையைக் கேட்கவே மறந்துவிட்டேன். அம்மா கடலைக் கேட்க வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பழியை மட்டும் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன். அவிழ்க்கவும் முடியாது. என்ன மகள் நான் என்று அன்று முழுவதும் என்னையே திட்டிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும், "எழுதாததையும் பார்த்துக்கொள் அப்பா" என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

பத்தாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டு வாசலில் குமரேசனும் அவர் மனைவியும் நின்றார்கள். சளியோடு சேலத்திலிருந்து மலையேறியபோது கொண்டை ஊசி வளைவுகளில் குமரேசனுக்குக் காது அடைத்திருக்கிறது. நம் எல்லோருக்கும் அடைப்பதுதான். நமக்கெல்லாம் ஊர் வந்ததும் திறந்துகொள்ளும். அவருக்கு இரண்டு காதும் எட்டு நாளாகத் திறக்கவில்லை. மருந்துக்கும் கேட்கவில்லை. அதற்குள், அன்று ஜீப்பில் நான் புலம்பியதைக் கேட்ட டிரைவர் மூலமாகச் சீட்டு விஷயம் அவர் மனைவிக்குத் தெரிந்துவிட்டது.

"ஏனுங்க அக்கா, அவிழ்த்துப் போடுங்க. ஊட்டுல நான் ஒண்ணு சொன்னா இவரு ஒண்ணு செய்யறாருங்க. நொம்ப அவதியா இருக்குதுங்க" என்றார்.

எனக்கு உள்ளே எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்காமல் சொல்கிறேன். அப்போதே அம்மாவையும் அழைத்துக்கொண்டு நால்வரும் கோயிலுக்குப் போனோம். சீட்டை அவிழ்த்துப் படித்தேன். குமரேசன் கையைக் காதில் வைத்துக்கொண்டு, கேட்கவில்லை என்றார். சத்தமாகப் படித்தேன். இன்னும் கேட்கவில்லை. எதிரே பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வந்து கூடிவிட்டார்கள். மூன்றாம் முறை, காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகளுக்கு அறிவிப்புச் சொல்லும் குரலில், அவர் சொன்ன அந்த வார்த்தையையும் சேர்த்துப் படித்தேன். யாரோ, "கெழவின்னா சொன்னான்?" என்று கேட்டார்கள். குமரேசனுக்கு அது கேட்காவிட்டாலும் முகங்கள் தெரிந்தன. தலை குனிந்தார்.

அம்மா என் கையைப் பிடித்தார். "போதும் கண்ணு. அந்த அவஸ்தை எனக்குத் தெரியும்." பிறகு குமரேசனுக்கு நேராகப் போய் நின்று, உதட்டை நன்றாக அசைத்து, "வாயப் பாத்துக்க சாமி. அப்பப் புரியும்" என்றார். அந்த மனிதர் அழுதுவிட்டார். நான் அழவில்லை. நாலாவது முறை படிக்கலாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அறையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. அவர் மனைவிதான், புருஷனுக்குப் போனில் பேச முடியாததால், அங்கேயே நின்று பால்கனி அறையை வாங்கிய அந்தக் குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசினார். அவர்களுக்கு ஆட்டம் பாட்டம்தான் வேண்டுமாம். பக்கத்திலேயே நடனக் கூடம் என்றதும் மாற்றிக்கொள்ளச் சம்மதித்தார்கள். நான் எழுத மறந்ததைச் சாமி இப்படி எடுத்துக் கொடுத்தார்.

தை மாதம் கப்பல் ஏறினோம். முதல் நாள் விடிந்ததும் அம்மா பால்கனியில் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, வலது காது கடல் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்தார். காப்பி ஆறிப்போனது. மேல்தளத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அலைகள் கப்பலின் பக்கத்தில் உரசிக்கொண்டே இருந்தன.

பிறகு சொன்னார்: "தோட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து மழ வர்ற சத்தம் மாதிரியே இருக்குது கண்ணு. ஆனா வந்து சேரவே மாட்டேங்குது பாரு."

நான் உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி முழுதாக எடுத்தாகிவிட்டது. டாக்டர் சொன்னபடியே காது போய்விட்டது. இப்போது அம்மா வாயைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறார். என் மகள் அவர் மடியில் ஏறி, கன்னத்தைப் பிடித்துத் திருப்பி, கடல் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்பாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு, பல்லிடுக்கில் மூச்சை விட்டு, அந்தச் சத்தத்தைச் செய்து காட்டுவார். துளியும் தப்பில்லாமல் அதே சத்தம்.

சீட்டை அவிழ்த்த மூன்றாம் நாளே குமரேசனுக்குக் காது திறந்துவிட்டது. அதைக் கேட்டு மகிழ்ந்தேன் என்று எழுதத்தான் ஆசை. கொஞ்சம் சீக்கிரம் திறந்துவிட்டதே என்றுதான் தோன்றியது. அந்த எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அதையும் சாமியிடம் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். முன்பு நல்ல எண்ணத்தோடு மட்டும்தான் கோயிலுக்குப் போக வேண்டும் என்று, கோபம் இருக்கும் நாட்களில் போகாமல் இருந்துவிடுவேன். இப்போது அந்த நாட்களில்தான் முதல் ஆளாகப் போகிறேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது பெற்றவர்களைப் பற்றி எவரோ சொன்ன ஒரு சொல் நெஞ்சில் எரிந்துகொண்டிருந்தால், சிரித்த முகத்தோடு சாமி முன்னால் நிற்காதீர்கள். எரிவதை எரிகிறபடியே கொண்டுபோய்க் கட்டுங்கள். என் சீட்டில் பழியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதைப் படித்த சாமிதான் என் அம்மாவுக்குக் கடலைக் கொடுத்தார்.