வைஃபைக்கு நான் வைத்த பெயர்

பனச்சமூட்டில் எங்கள் வீட்டுக்கு வைஃபை வந்த அன்றே பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா பாஸ்வேர்டு கேட்டார். எரிச்சலில், ரூட்டருக்கு ‘ஸ்டெல்லாவுக்குக் கிடையாது’ என்று பெயர் வைத்தேன். அது என் போனில் மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

மறுமாதம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டு வரிகளைத் தேடுவதற்காகப் போனைத் திறந்த போதகரின் மனைவி, “இது யாருக்க வைஃபை?” என்று திகைத்தார். எல்லார் போனிலும் அதே பெயர்.

கூட்டத்துக்கு வந்திருந்த ஸ்டெல்லா அக்கா மெதுவாகச் சொன்னார்: “நீ வச்ச அன்னைக்கே நான் கண்டதாக்கும், மக்கா.”

கண்ட பிறகும் அந்த மாதம் முழுக்க எங்களுக்கு மீன்கறி கொடுத்தனுப்பியிருக்கிறார்.

பெயரை மாற்றினேன். பாஸ்வேர்டை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அவர் போன் எங்கள் வைஃபையில் சேர்ந்திருக்கிறதா என்று தினமும் பார்க்கிறேன். இன்னும் இல்லை.