அம்மாளுக்கு ஆர் சேட்டிபிக்கற் எடுக்கிறது?

போன கிழமை இருமலுக்கு மருந்தெடுக்கப் போனேன். டொக்டர் என் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் முன்பே, "லீவுக்குச் சேட்டிபிக்கற் வேணுமோ? எத்தினை நாளுக்கு?" என்று கேட்டார். வேலையை விட்டு எத்தனையோ காலமாகிவிட்ட கிழவனிடம் இந்தக் கேள்வி. சிரித்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, சின்னராசா அண்ணையின் நினைவுதான் வந்தது.

காங்கேசன்துறை வீதியில் ஒரு சோடாக் கொம்பனி இருந்தது. பெயர் வேண்டாம். எழுபதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே கிளாக்கர். கிளாக்கர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள், உடைந்த போத்தல்களுக்குக் கணக்கு வைப்பவன், அவ்வளவுதான். சோடாவுக்குக் கலக்கும் எசன்ஸின் மணம் சேட்டில் ஏறிவிடும். கொடியில் காயப்போட்டால் ஊரிலுள்ள எறும்பெல்லாம் அதைத் தேடி வரும். போத்தல் கழுவும் தொட்டியடியில் நின்றவர்தான் சின்னராசா அண்ணை. அளவெட்டியிலிருந்து சைக்கிளில் வருவார். தண்ணீரில் ஊறி ஊறி அவருடைய விரல்கள் எப்போதும் வெளிறிப்போயிருக்கும். முன்கோபக்காரர்.

ஒரு சித்திரை வெயிலில் அவருக்கு அம்மாள் வருத்தம் வந்தது. உடம்பெல்லாம் கொப்பளிக்கும் அந்த நோய்க்கு டொக்டர்மாரிடம் வேறு பெயர் இருந்தது. எங்கள் வீடுகளில் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டோம். அம்மாள் வந்திருக்கிறா என்போம். வாசல் படலையில் வேப்பங்குழை கட்டுவார்கள், அடுப்பில் தாளிப்பு மணம் எழாது. டொக்டரைக் கூப்பிடுவது அம்மாளை அவமதிப்பது போல. அண்ணையின் மனைவி மங்களம் அக்கா இந்த விஷயத்தில் இம்மியும் பிசகாதவர். கொப்பளங்கள் காய்ந்த பிறகும் காய்ச்சல் விடவில்லை, நெஞ்சில் இறங்கிவிட்டது. அப்போதும் வேப்பிலையும் மஞ்சளும்தான். பிழைத்தெழுந்து வேலைக்கு வந்தபோது அண்ணை பாதி ஆளாகியிருந்தார். நாலு போத்தல் தூக்கினால் மூச்சு வாங்கியது.

படுத்திருந்த நாட்களுக்கு வருத்தச் சம்பளம் கேட்டார். முதலாளி, "சேட்டிபிக்கற் எங்கை?" என்றார்.

"அம்மாளுக்கு ஆர் முதலாளி சேட்டிபிக்கற் எடுக்கிறது? என்ரை முகத்தைப் பாருங்கோ."

"முகத்தைப் பாத்துச் சம்பளம் குடுக்கேலாது."

பகிடி என்னவென்றால், முதலாளியைப் போல அம்மாள் பக்தர் அந்தப் பக்கத்தில் கிடையாது. கொம்பனிக்குப் பின்னால் இருந்த அம்மன் கோயிலே அவர்கள் குடும்பத்துக் கோயில்தான். அதற்கு முந்திய வருடம் அவருடைய மகனுக்கு இதே வருத்தம் வந்தது. வீடும் கொம்பனியும் ஒரே வளவு. கொம்பனிக் கேற்றில் வேப்பங்குழை கட்டி, எங்கள் எல்லோரையும் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த நாட்களுக்குச் சம்பளமும் இல்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. அம்மாள் விஷயம் அல்லவா.

அண்ணை தொழிலாளர் முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழிற்கந்தோருக்குப் போனார். வீட்டில் கடனரிசி வெந்துகொண்டிருந்தது, போகாமல் என்ன செய்வார்? விசாரணை நாளில் எங்களில் சிலர் சாட்சி சொல்லக் கூடவே போனோம். மங்களம் அக்காவும் வந்திருந்தார். முதலாளி அதிகாரியைப் பார்த்துக் கையை விரித்தார். "டொக்டரிட்டைக் காட்டாத வருத்தத்தை நான் என்னெண்டு ஐயா நம்புறது?"

அண்ணை எழுந்துவிட்டார். "உங்கடை வீட்டுக்கு வந்த அம்மாள் சேட்டிபிக்கற்றோடையோ வந்தவ? அவவுக்காக எங்கடை சம்பளத்தை வெட்டினியள். என்ரை வீட்டுக்கு வந்த அம்மாள் மட்டும் பொய்யோ?"

சொன்னதில் ஒரு சொல் பிழையில்லை. ஆனால் என் பக்கத்தில் நின்ற எங்கள் ஆட்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "உவன் அம்மாளையே வழக்குக்கு இழுத்திட்டான்" என்று ஒருவர் முணுமுணுத்தார். பிறகு ஒவ்வொருவராக வெளியே நழுவினார்கள். நான் ஒருவன்தான் சாட்சி சொன்னேன். உடைந்த போத்தல் கிளாக்கரின் சொல்லுக்கு என்ன பெறுமதி?

அதிகாரி நல்ல மனிதர். அண்ணையின் முகத்துத் தழும்புகளைச் சற்று நேரம் பார்த்தார். பாதிச் சம்பளமாவது கொடுக்க வேண்டும் என்று தீர்த்தார். முதலாளியும் பேசாமல் கொடுத்தார். அண்ணை வென்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

மங்களம் அக்கா அந்தக் காசை வீட்டுக்குள் எடுக்கவே விடவில்லையாம். "அம்மாளைச் சந்திக்கு இழுத்து வாங்கின காசு. எங்கடை அடுப்புக்கு வேண்டாம்." அடுத்த வெள்ளிக்கிழமை முதலாளியின் கோயிலுக்கே கொண்டுபோய், முழுவதையும் குற்றக் காசாக உண்டியலில் போட்டுவிட்டார். பழித்தது அந்த அம்மாளை என்பதால் அங்கேதான் போட வேண்டுமாம். உண்டியல் பூட்டின் திறப்பு முதலாளியின் இடுப்பில் தொங்கியது.

இதை என்னிடம் சொன்ன அண்ணை, "நான் ஒண்டும் கதைக்கேல்லை" என்றார். கோபக்காரர் கதைக்காமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது. அதே பழுதான நெஞ்சோடு ஈரத்தில் நின்று வேலை செய்தார். மருந்துக்குக் காசில்லை. அடுத்த மாரி மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை.

சோடாக் கொம்பனி போய்விட்டது. கோயிலும் அந்தக் கேற்றும் இருந்த சுவடு தெரியவில்லை. அம்மாள் வருத்தத்துக்கே ஊசி வந்துவிட்டது. நாங்கள் சிதறிப்போனோம், மங்களம் அக்காவும் காலமாகிவிட்டார்.

அண்ணை இறந்து ஒரு வருடத்தில் நடந்த ஆட்டைத் திவசத்துக்கு நான் போயிருந்தேன். வாழையிலையில் சோறு போட வந்த மங்களம் அக்கா என் முன்னால் குனிந்தபடியே நின்றார்.

"அந்த மனிசன் அண்டைக்குக் கேட்டது நியாயம் தம்பி. கேக்கேக்கையே எனக்குத் தெரியும். பயத்திலை அவரிட்டைச் சொல்லேல்லை."

அதைக் கேட்டிருக்க வேண்டியவருக்கு அன்று பிண்டம் வைத்தாகிவிட்டது.